தெரிந்த பிறகு என்ன செய்தார்கள்? அமெரிக்கப் பள்ளி மாவட்டங்களின் சட்டப் பொறுப்பு: ஓர் அறிமுகம்

'பள்ளி மாவட்டம்' என்றதும் தமிழ்நாட்டு வாசகருக்கு மாவட்டக் கல்வி அலுவலர், அவருக்கு மேல் முதன்மைக் கல்வி அலுவலர், அவருக்கும் மேல் சென்னையில் இயக்குநரகம் என்று படிப்படியாக உயரும் அரசுத் துறைதான் நினைவுக்கு வரும். அமெரிக்காவில் அந்தச் சொல் குறிப்பது வேறொன்றை. அங்கே பெரும்பாலான மாநிலங்களில் பள்ளி மாவட்டம் என்பது நம் ஊராட்சியைப் போலத் தனித்து நிற்கும் ஓர் உள்ளாட்சி அமைப்பு. அதற்கென்று வாக்காளர்கள் தேர்ந்தெடுக்கும் வாரியம் உண்டு, வாரியம் நியமிக்கும் தலைமை நிர்வாகி உண்டு, சொத்துவரியில் பங்கு உண்டு, கட்டடங்களும் பேருந்துகளும் ஊழியர்களும் உண்டு. நாடு முழுவதும் இப்படி ஏறத்தாழ 13,000 மாவட்டங்கள் இருக்கின்றன. ஹவாய் மாநிலம் முழுவதற்கும் ஒரே மாவட்டம்தான். வேறு சில மாநிலங்களிலோ ஒரே ஒரு பள்ளியை மட்டும் நடத்தும் மாவட்டங்களும் உண்டு.

தனி அமைப்பு என்பதால் அதன் பெயரிலேயே வழக்குப் போடலாம். தோற்றால் அது செலுத்தும் இழப்பீடு, காப்பீடு தாங்கும் பகுதி போக, ஆசிரியர் சம்பளமும் நூலகச் செலவும் வருகிற அதே பையிலிருந்துதான் வரவேண்டும். இந்தச் சிக்கலை வழக்கறிஞர்கள் இரண்டு சொற்களில் அடக்குகிறார்கள்: ஒன்று சட்டத்துக்கு இணங்கி நடத்தல், மற்றொன்று சட்டப் பொறுப்பு. புதிதாகப் படிப்பவர்கள் இரண்டையும் ஒன்றெனக் கொள்வது வழக்கம். ஆனால் இவை ஒன்றல்ல. ஒரு மாவட்டம் சட்டத்தை வெளிப்படையாக மீறியும் ஒரு டாலர்கூட இழப்பீடு தராமல் தப்பலாம். எந்த விதியையும் வேண்டுமென்று மீறாத மாவட்டம் கோடிக்கணக்கில் கட்டவும் நேரலாம். இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது ஒரே கேள்விதான்: நிர்வாகத்துக்கு எப்போது தெரிந்தது, தெரிந்த பிறகு அது என்ன செய்தது? இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டால், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை போலத் தோன்றும் பல சட்டங்களுக்கு ஊடே ஓர் இழை ஓடுவது தெரியும். அந்த இழை அறுபடும் இடங்களும் உண்டு, அவற்றையும் பார்ப்போம்.

பணத்தோடு வரும் நிபந்தனைகள்

அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தில் கல்வி என்ற சொல்லே இல்லை. கல்வி மாநிலங்களின் பொறுப்பு. ஆகவே கூட்டரசு பள்ளிகளுக்கு நேரடியாக ஆணையிடுவதைவிட, பணத்தைக் கொடுத்து அதனோடு நிபந்தனைகளைக் கட்டி அனுப்பும் வழியையே பெரிதும் கையாண்டிருக்கிறது. இன, தேசிய மூலப் பாகுபாட்டைத் தடுக்கும் 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டத்தின் ஆறாம் தலைப்பு, பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் 1972ஆம் ஆண்டின் டைட்டில் 9, மாற்றுத்திறனாளிகளுக்கான 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் 504ஆம் பிரிவு, மாணவர் பதிவேடுகளைக் காக்கும் 1974ஆம் ஆண்டின் ஃபெர்பா ஆகிய எல்லாமே இந்த வகையைச் சேர்ந்தவை. பள்ளிகளின் மொத்த வருவாயில் கூட்டரசின் பங்கு ஏறத்தாழப் பத்தில் ஒன்றுதான் என்றாலும், அந்தப் பத்தில் ஒன்றை வேண்டாம் என்று சொல்லும் துணிவு மாவட்டங்களுக்குக் கிடையாது.

நிபந்தனையோடு வரும் பணம் என்பதால் உச்ச நீதிமன்றம் இச்சட்டங்களை ஏறக்குறைய ஓர் ஒப்பந்தம் போலப் படிக்கிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் எதற்கெல்லாம் பொறுப்பாவார் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டுமல்லவா? இந்த ஒரு தருக்கத்திலிருந்துதான் 'தெரிந்திருத்தல்' என்ற கேள்வி இத்தனை வலிமை பெறுகிறது.

டெக்சாஸ் மாநிலத்தின் லேகோ விஸ்டா மாவட்டத்தில் ஆசிரியர் ஒருவர் உயர்நிலைப் பள்ளி மாணவி ஒருத்தியைத் தொடர்ந்து பாலியல் சுரண்டலுக்கு ஆளாக்கினார். வேறு சில பெற்றோர், அந்த ஆசிரியர் வகுப்பில் தகாத பேச்சுப் பேசுவதாகத் தலைமையாசிரியரிடம் முறையிட்டிருந்தார்கள்; அவர் ஆசிரியரைக் கூப்பிட்டுக் கண்டித்ததோடு நிறுத்திக்கொண்டார், மாவட்டத் தலைமை நிர்வாகிக்குத் தெரிவிக்கவில்லை. புகார் அளிப்பதற்கான நடைமுறையையும் அந்த மாவட்டம் வகுத்து அறிவித்திருக்கவில்லை. கூட்டரசு விதிப்படி அது ஒரு மீறல். இருந்தும் 1998இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற பெரும்பான்மையில் மாவட்டத்துக்கு இழப்பீட்டுப் பொறுப்பு இல்லை என்று தீர்ப்பளித்தது. டைட்டில் 9இன் கீழ் இழப்பீடு பெற வேண்டுமானால், நிலைமையைச் சரிசெய்யும் அதிகாரம் படைத்த ஒருவருக்கு உண்மையிலேயே விஷயம் தெரிந்திருக்க வேண்டும், தெரிந்தும் அவர் பாராமுகமாக இருந்திருக்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பு வகுத்த அளவுகோல். வகுப்பில் பேசிய தகாத பேச்சு குறித்த புகார், சுரண்டல் நடப்பது தெரிந்ததற்கு ஈடாகாது என்று நீதிமன்றம் கருதியது. சட்டத்தை மீறியும் இழப்பீட்டிலிருந்து தப்பலாம் என்று மேலே சொன்னதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. இந்த அளவுகோல் நிர்வாகிகளுக்கு மறைமுகமாகக் கற்றுக்கொடுப்பது கேள்விப்படாமல் இருப்பதன் பயனைத்தான் என்று அன்று மாறுபட்டு எழுதிய நீதிபதிகள் கவலைப்பட்டதில் நியாயம் இருந்தது.

அடுத்த ஆண்டே ஜார்ஜியா மாநிலத்தின் மன்ரோ கவுன்டி வழக்கில் அளவுகோலின் மறுபக்கம் வெளிப்பட்டது. ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்திக்கு உடன் படிக்கும் சிறுவன் மாதக்கணக்கில் தொல்லை கொடுத்தான். சிறுமியும் தாயும் ஆசிரியர்களிடமும் தலைமையாசிரியரிடமும் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அவனுக்கு அடுத்த இருக்கையிலிருந்து அவளை மாற்றி உட்காரவைக்கவே மூன்று மாதங்களுக்கு மேல் ஆயிற்று. மாணவருக்கு மாணவர் இழைக்கும் தொல்லைக்கும், அது கடுமையாகவும் பரவலாகவும் எவர் கண்ணுக்கும் அருவருக்கத்தக்கதாகவும் இருந்து குழந்தையின் கல்வியைப் பறிக்கும் அளவை எட்டினால், தெரிந்தும் பாராமுகமாக இருந்த மாவட்டம் பொறுப்பாகும் என்று 1999இல் நீதிமன்றம் கூறியது. கவனித்தால், இந்த அளவுகோலில் மாவட்டம் பொறுப்பாவது அந்தச் சிறுவனின் செயலுக்காக அல்ல. தெரிந்த பிறகும் கை கட்டி நின்றால் அதற்காகத்தான்.

இங்கே தொடக்க வாசகர் தவறவிடக்கூடாத நுட்பம் ஒன்று இருக்கிறது. மேற்சொன்ன கடுமையான அளவுகோல் நீதிமன்றத்தில் இழப்பீடு கேட்பவருக்கு மட்டுமே. கூட்டரசுக் கல்வித் துறையின் குடிமை உரிமைகள் அலுவலகம் தானே விசாரிக்கும்போது வேறு கணக்கு: 2020ஆம் ஆண்டு விதிகளின்படி, பன்னிரண்டாம் வகுப்பு வரையுள்ள பள்ளிகளில் எந்த ஊழியருக்குத் தெரிந்தாலும் அது மாவட்டத்துக்கே தெரிந்ததாகக் கொள்ளப்படும். பேருந்து ஓட்டுநரிடம் ஒரு குழந்தை அழுதுகொண்டே சொன்னதும் அதில் அடங்கும். 2024இல் வந்த புதிய விதிகளை 2025 ஜனவரியில் கென்டக்கியில் உள்ள கூட்டரசு நீதிமன்றம் ஒன்று ரத்து செய்ததால், இந்த 2020 விதிகளே மீண்டும் நடைமுறைக்கு வந்தன. ஐந்தாண்டுக்குள் இரண்டு முறை விதி மாறினால் ஊழியர் பயிற்சிக் கையேட்டை எத்தனை முறை அச்சடிப்பது என்று மாவட்ட அலுவலகங்கள் புலம்புவதைக் குறை சொல்ல முடியாது.

ஒப்பந்தத் தருக்கத்துக்கு இன்னொரு விளைவும் உண்டு. ஒப்பந்த மீறலுக்கு மனவேதனைக்காக இழப்பீடு தருவது வழக்கமில்லை என்ற அடிப்படையில், 504ஆம் பிரிவு போன்ற நிபந்தனைச் சட்டங்களின் கீழ் மனவேதனைக்கு இழப்பீடு கேட்க முடியாது என்று 2022இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பள்ளியில் குழந்தைகளுக்கு நேரும் பாதிப்பில் பெரும்பகுதி மனவேதனைதான் என்பதை எண்ணிப் பார்த்தால், இந்தத் தீர்ப்பு மாவட்டங்களுக்கு எவ்வளவு பெரிய கேடயம் என்பது புரியும். ஃபெர்பாவோ இன்னும் ஒரு படி மேலே போய், தனிநபர் வழக்குக்கே இடம் தரவில்லை என்று 2002இல் முடிவாகிவிட்டது; பதிவேடு கசிந்த பெற்றோர் கல்வித் துறையிடம் புகார் எழுதலாம், அச்சட்டத்தைக் காட்டி இழப்பீட்டு வழக்குப் போட முடியாது.

தெரியாது என்று சொல்ல முடியாத இடம்

சிறப்புக் கல்வியில்தான் மேலே சொன்ன இழை அறுபடுகிறது. 1975இல் இயற்றப்பட்டு 1990இல் ஐடியா என்று பெயர் மாற்றப்பட்ட சட்டத்தின்படி, மாற்றுத்திறனுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் கட்டணமில்லாத, பொருத்தமான பொதுக்கல்வி கிடைத்தாக வேண்டும். இன்று ஏறத்தாழ 75 லட்சம் குழந்தைகள், அதாவது அரசுப் பள்ளி மாணவர்களில் சுமார் 15 விழுக்காட்டினர், இதன் கீழ் வருகிறார்கள். இதற்கான கூடுதல் செலவில் கூட்டரசு தன் பங்காக, தேசிய சராசரி மாணவர் செலவில் 40 விழுக்காடு வரை தருவதாக அன்று ஏற்றுக்கொண்டது. அண்மை ஆண்டுகளில் தந்தது 15 விழுக்காட்டுக்கும் கீழே. கடமையோ குறையவில்லை.

இந்தச் சட்டத்தில் "எங்களுக்குத் தெரியாது" என்பது பதிலே ஆகாது. பெற்றோர் வந்து கேட்கட்டும் என்று காத்திருக்காமல், தன் எல்லைக்குள் உதவி தேவைப்படும் குழந்தைகளைத் தேடிக் கண்டுபிடிக்கும் கடமையே மாவட்டத்துக்கு உண்டு. பெற்றோர் மதிப்பீட்டுக்கு ஒப்புதல் தந்த நாளிலிருந்து 60 நாள்களுக்குள், மாநிலம் வேறு கெடு வைத்திருந்தால் அதற்குள், மதிப்பீடு முடிய வேண்டும். பிறகு ஆசிரியர்களும் வல்லுநர்களும் பெற்றோரும் ஒன்றாக உட்கார்ந்து, எல்லோரும் ஐ.இ.பி. என்று அழைக்கும் தனிக் கல்வித் திட்டத்தை எழுத வேண்டும். அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவும் இந்தச் சட்டத்தை முதன்முதலாகச் சந்திப்பது இந்தக் கூட்டத்தில்தான். ஆங்கிலத்தில் தடுமாறும் பெற்றோர், பேசாமல் தலையாட்டிவிட்டுக் கையெழுத்திட்டு வரவேண்டியதில்லை; கூட்டத்துக்கு மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வது மாவட்டத்தின் கடமை. முக்கியமான அறிவிப்புகளும், நடைமுறையில் இயலவே இயலாது என்ற நிலை இல்லாவிட்டால், பெற்றோரின் தாய்மொழியில் தரப்பட வேண்டும். தமிழும் அதில் அடங்கும்.

திட்டம் எவ்வளவு நல்லதாக இருக்க வேண்டும் என்பதுதான் நெடுநாள் தகராறு. கொலராடோவின் டக்ளஸ் கவுன்டி மாவட்டத்தில் ஆட்டிசம் உள்ள சிறுவன் ஒருவனுக்கு ஆண்டுக்காண்டு ஏறக்குறைய ஒரே இலக்குகளைத் திரும்ப எழுதிவந்தார்கள். பெற்றோர் அவனைத் தனியார் பள்ளியில் சேர்த்து, அந்தச் செலவை மாவட்டத்திடம் கேட்டார்கள். இப்படிக் கேட்கும் உரிமையை 1985ஆம் ஆண்டின் தீர்ப்பொன்று ஏற்கெனவே உறுதிசெய்திருந்தது. மிகச் சிறு முன்னேற்றம் இருந்தாலே போதும் என்று கீழ் நீதிமன்றம் சொன்னதை 2017இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தள்ளிவிட்டு, அந்தக் குழந்தையின் நிலைமைக்கு ஏற்ற முன்னேற்றத்தை நோக்கமாகக் கொண்டதாகத் திட்டம் இருக்க வேண்டும் என்றது. இறுதியில் மாவட்டம் செலுத்த நேர்ந்தது சுமார் 13 லட்சம் டாலர். வெற்றி பெறும் பெற்றோரின் வழக்கறிஞர் கட்டணத்தையும் மாவட்டம் தருமாறு நீதிமன்றம் ஆணையிடலாம் என்று சட்டத்திலேயே இருப்பதால், தகராறு நீள நீளக் கட்டணம் மூலத்தொகையோடு போட்டி போடத் தொடங்கிவிடும்.

ஐடியா சட்டத்தில் கிடைக்கும் நிவாரணம் கல்வி சார்ந்தது: விட்டுப்போன பயிற்சிக்கு ஈடான பயிற்சி, பள்ளிக் கட்டணம் திருப்பித் தருதல் போன்றவை. பணமாக இழப்பீடு அதில் இல்லை. அந்த எல்லைக்குள்ளேயே தங்கள் அபாயம் அடங்கிவிட்டதாக மாவட்டங்கள் நம்பிக்கொண்டிருந்தன. மிச்சிகன் மாநிலத்தின் ஸ்டர்ஜிஸ் நகரில் காது கேளாத மாணவர் ஒருவர் ஒன்பது வயது முதல் இருபது வயது வரை படித்தார். அவருக்குத் துணையாக வைக்கப்பட்டவர்களுக்குச் சைகை மொழி சரிவரத் தெரியாது என்பதும், மதிப்பெண்கள் ஊதிப் பெருக்கப்பட்டு, அவர் நன்றாக முன்னேறுவதாகப் பெற்றோர் நம்பவைக்கப்பட்டார்கள் என்பதும் அவர் தரப்புக் குற்றச்சாட்டு. பட்டமளிப்புக்குச் சில மாதங்கள் முன்புதான் அவருக்குப் பட்டயம் கிடையாது என்று தெரிவித்தார்கள். கல்வி நிவாரணத்தைச் சமரசமாகப் பெற்றுக்கொண்ட பிறகு, ஏ.டி.ஏ. எனப்படும் அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் (முன்பு சொன்ன 1973ஆம் ஆண்டுச் சட்டம் அல்ல, இது வேறு) கீழ் பண இழப்பீடும் கேட்டு அவர் வழக்குப் போட்டபோது, ஐடியாவின் விசாரணைப் படிகளை முழுதும் முடிக்காமல் வரக்கூடாது என்று கீழ் நீதிமன்றங்கள் கதவை அடைத்தன. 2023இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகக் கதவைத் திறந்தது: ஐடியா தர முடியாத நிவாரணத்தைக் கேட்பவர் ஐடியாவின் படிகளில் ஏறி இறங்க வேண்டியதில்லை.

2025 ஜூனில் மினசோட்டாவின் ஒஸ்ஸியோ மாவட்டம் சம்பந்தப்பட்ட வழக்கில் இன்னொரு தடுப்பும் விழுந்தது. காலை வேளைகளில் வலிப்பு வரும் சிறுமிக்கு மாலையில் வகுப்பு எடுக்க மாவட்டம் மறுத்துவந்தது. பள்ளி வழக்குகளில் மட்டும், தீய நோக்கத்தையோ மிக மோசமான தவறான முடிவையோ நிறுவினால்தான் பாகுபாடு நிலைநாட்டப்படும் என்று சில கீழ் நீதிமன்றங்கள் வைத்திருந்த உயர்ந்த வாசற்படியை, மற்ற மாற்றுத்திறனாளிகளுக்கு இல்லாத ஒன்றைக் குழந்தைகளுக்கு மட்டும் வைப்பதற்குச் சட்டத்தில் இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அகற்றியது. இரண்டு தீர்ப்புகளையும் சேர்த்துப் படித்தால், சிறப்புக் கல்வித் தகராறு இனி ஐ.இ.பி. கூட்ட அறைக்குள் முடிந்துவிடும் என்று எந்த மாவட்டமும் எண்ணிவிட முடியாது.

ஊழியரின் தவறும் மாவட்டத்தின் கொள்கையும்

அரசமைப்புச் சட்ட உரிமைகளை அரசு ஊழியர் மீறினால் வழக்குப் போடப் பயன்படுவது 1983ஆம் பிரிவு. இது ஆண்டு என்று நினைத்துக் குழம்புவோர் உண்டு. பிரிவின் எண்தான் 1983, சட்டம் 1871இல், உள்நாட்டுப் போருக்குப் பின், கூ கிளக்ஸ் கிளான் வன்முறையை ஒடுக்குவதற்காக வந்தது. ஊழியர் ஒருவர் தவறு செய்தார் என்பதாலேயே உள்ளாட்சி அமைப்பு பொறுப்பாகிவிடாது, அந்தத் தவறு அமைப்பின் கொள்கையிலிருந்தோ ஊறிப்போன வழக்கத்திலிருந்தோ பிறந்திருக்க வேண்டும் என்று 1978இல் மொனெல் வழக்கு வரையறுத்தது. ஊழியருக்குத் தனிப்பட்ட முறையிலும் ஒரு காப்பு உண்டு: அவர் மீறிய உரிமை, மீறிய காலத்தில் ஐயத்துக்கு இடமின்றி நிலைநாட்டப்பட்டிருக்காவிட்டால் அவர் கைப்பணம் தரவேண்டியதில்லை.

இந்த இரண்டு காப்புகளும் எப்படிச் சேர்ந்து வேலை செய்கின்றன என்பதை அரிசோனாவின் சாஃபர்ட் வழக்கில் காணலாம். வலி நிவாரண மாத்திரை வைத்திருக்கிறாள் என்ற ஐயத்தில் 13 வயதுச் சிறுமியின் உள்ளாடையை விலக்கச் செய்து சோதித்தார்கள்; எதுவும் கிடைக்கவில்லை. 2009இல் உச்ச நீதிமன்றம் 8-1 என்ற பெரும்பான்மையில் அந்தச் சோதனை அரசமைப்புச் சட்டத்துக்கு முரண் என்றது. ஆனால் சட்டம் அதுவரை தெளிவாக இல்லை என்பதால் ஊழியர்கள் விடுவிக்கப்பட்டார்கள். மாவட்டத்தின் பொறுப்பை மொனெல் அளவுகோலில் ஆராயுமாறு வழக்கு கீழே அனுப்பப்பட்டது. உரிமை மீறப்பட்டது உறுதி, ஊழியர் எவரும் தரவேண்டியதில்லை என்ற முடிவு சட்டம் படிக்காதவர் காதுக்கு விந்தையாகத்தான் ஒலிக்கும்.

அன்றாடம் அதிகம் உரசும் உரிமைகள் ஒழுங்கு நடவடிக்கையைச் சார்ந்தவை. பத்து நாள் வரையிலான இடைநீக்கத்துக்குக்கூட, குற்றச்சாட்டு என்ன என்று மாணவரிடம் சொல்லி அவர் பதிலைக் கேட்க வேண்டும் என்பது 1975 முதல் உள்ள விதி. பள்ளிக்கு வெளியே, வார இறுதியில், ஸ்னாப்சாட்டில் ஒரு மாணவி கொட்டிய வசைச்சொற்களுக்காக அவளை சியர்லீடர் அணியிலிருந்து நீக்கிய பென்சில்வேனியாவின் மஹனாய் மாவட்டம் 2021இல் உச்ச நீதிமன்றம் வரை சென்று தோற்றது. கிடைத்த இழப்பீடு பெயரளவுக்குத்தான். வழக்கறிஞர் கட்டணம் பெயரளவுக்கு அல்ல.

ஊர்ச் சட்டம், ஊருக்கொரு கணக்கு

விளையாட்டுத் திடலில் விழுந்த குழந்தை, ஆய்வகத்தில் சுட்டுக்கொண்ட கை, பேருந்து விபத்து போன்றவை மாநிலச் சட்டத்தின் கவனக்குறைவு வழக்குகள். இங்கே அளவுகோல் தளர்வானது: தெரிந்திருந்ததா என்பதோடு, நியாயமான கவனம் இருந்திருந்தால் தெரிந்திருக்க வேண்டுமா என்பதும் கேள்வி. ஆனால் மாநிலங்கள் அரசு அமைப்புகளுக்கு வெவ்வேறு அளவில் விலக்குரிமை தந்திருக்கின்றன. டெக்சாஸ் நெடுங்காலமாகப் பள்ளி மாவட்டங்களைப் பெரும்பாலும் மோட்டார் வாகன விபத்துகளுக்கு மட்டுமே பொறுப்பாக்கி வந்திருக்கிறது. நியூயார்க்கில் வழக்குப் போடுமுன் பொதுவாக 90 நாள்களுக்குள் முன்னறிவிப்பு கொடுத்தாக வேண்டும். கலிபோர்னியாவில் காயம் தொடர்பான கோரிக்கைக்கு ஆறு மாதம். நல்ல வழக்குகள் பல இந்தக் கெடுவிலேயே மடிந்துபோகின்றன.

குழந்தை துன்புறுத்தப்படுகிறது என்ற நியாயமான ஐயம் எழுந்தால் உடனே உரிய அரசு அலுவலகத்துக்கோ காவல் துறைக்கோ தெரிவிக்கும் கடமை எல்லா மாநிலங்களிலும் ஆசிரியர்களுக்கு உண்டு. உறுதிப்படுத்திக்கொண்டு சொல்லலாம் என்று தாமே துப்பறியத் தொடங்குவதுதான் இங்கே நிகழும் மிகப் பொதுவான பிழை. தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டதால் கடமை தீர்ந்தது என்று எண்ணுவது அதற்கு அடுத்தது. தனக்கு மேலுள்ளவரிடம் சொன்னது பல மாநிலங்களில் கடமையை நிறைவேற்றியதாகக் கருதப்படாது.

தகவல் தொழில்நுட்பம் புதிய முனையைத் திறந்திருக்கிறது. பென்சில்வேனியாவின் லோயர் மெரியன் மாவட்டம் மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில், தொலைந்தால் கண்டுபிடிக்கவென்று வைத்த மென்பொருள், வீட்டில் இருந்த மாணவர்களையும் கேமரா வழியே படமெடுத்தது 2010இல் அம்பலமாயிற்று. 6,10,000 டாலருக்குச் சமரசம் ஆனது. அதில் 4,25,000 டாலர் வழக்கறிஞர்களுக்கு, மிச்சம்தான் இரண்டு மாணவர்களுக்கு. 2022 செப்டம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்தின் கணினிகளைப் பணம் கேட்டு மிரட்டும் இணையக் கும்பல் ஒன்று முடக்கியது. 2024 டிசம்பரில் பவர்ஸ்கூல் என்ற நிறுவனத்தின் மாணவர் தகவல் அமைப்புக்குள் நுழைந்தவர்கள் நாடெங்கும் பல மாவட்டங்களின் பதிவுகளை அள்ளிச் சென்றார்கள். பூட்டு உடைந்தது ஒப்பந்தக்காரர் வீட்டில் என்றாலும், பெற்றோருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் மாவட்டத்தார்தான்.

எழுத்தில் இருப்பதும் இல்லாததும்

நடைமுறையில் சட்டத்துக்கு இணங்கி நடத்தல் என்பது பெரும்பாலும் தாளிலும் மின்னஞ்சலிலும் நடக்கும் காரியம். டைட்டில் 9க்கும் 504ஆம் பிரிவுக்கும் பொறுப்பாளர்களை நியமித்து அவர்கள் பெயரை அறிவித்தல், பெற்றோர் பதிவேடு கேட்டால் 45 நாள்களுக்குள் காட்டுதல், புகார் வந்த நாளையும் எடுத்த நடவடிக்கையையும் எழுதி வைத்தல் ஆகியவை அலுப்பூட்டும் வேலைகள். ஆனால் வழக்கு வரும்போது நிர்வாகத்துக்கு எப்போது தெரிந்தது என்பதை நிறுவப்போவது இந்தப் பதிவுகளே. ஒரு துணைத் தலைமையாசிரியர் இரவு பத்து மணிக்கு அவசரமாகத் தட்டிய "இதைப் பிறகு பார்ப்போம்" என்ற ஒற்றை வரி மின்னஞ்சல், முந்நூறு பக்கக் கொள்கைக் கையேட்டைவிட நீதிமன்றத்தில் உரக்கப் பேசும். பெற்றோர் பக்கத்திலும் இதே நியாயம்தான். வகுப்பு வாசலில் வாய்மொழியாகச் சொன்ன புகாருக்கும் தேதியிட்டு அனுப்பிய கடிதத்துக்கும் சட்டத்தின் கண்ணில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு.

கலிபோர்னியாவில் இப்போது நடப்பது, இந்தப் பதிவுகள் இல்லாமற்போனால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று. ஆசிரியர் செய்த பாலியல் குற்றம் அவருடைய பணியின் பகுதி ஆகாது என்பதால் அதற்கு மாவட்டம் நேரடியாகப் பொறுப்பில்லை; ஆனால் அவர் ஆபத்தானவர் என்று தெரிந்தோ தெரிந்திருக்க வேண்டிய நிலையிலோ அவரைப் பணியமர்த்தி, கண்காணிக்காமல் விட்ட மேலதிகாரிகளின் கவனக்குறைவுக்கு மாவட்டம் பொறுப்பாகும் என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் 2012இல் தீர்ப்பளித்தது. லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டம் மிராமான்ட்டி தொடக்கப் பள்ளி வழக்குகளில் 2014இல் 13.9 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. 2019இல் இயற்றப்பட்ட ஏ.பி. 218 என்ற சட்டம், குழந்தைப் பருவத்தில் பாதிக்கப்பட்டவர்கள் 40 வயது வரை வழக்குப் போட வழிசெய்தது. 2020 முதல் 2022 வரை மூன்று ஆண்டுகளுக்கு வயது வரம்பே இல்லாமல் பழைய வழக்குகளுக்கும் வாசலைத் திறந்தது. முன்பு குறிப்பிட்ட ஆறு மாதக் கெடுவை இத்தகைய வழக்குகளுக்குப் பின்னோக்கியும் நீக்கியது. 2024 ஜனவரி முதல் நடக்கும் குற்றங்களுக்குக் கால வரம்பே வேண்டாம் என்று இன்னொரு சட்டம் முடிவு செய்துவிட்டது. வாய் திறக்கவே பல பத்தாண்டுகள் ஆகும் துயரத்துக்கு ஆறு மாதக் கெடு வைத்திருந்தது கொடுமை என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் கணக்கு யாரிடம் வருகிறது என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. மாநிலத்தின் பள்ளி நிதி ஆலோசனை அமைப்பு 2025 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கை, கலிபோர்னியப் பள்ளி அமைப்புகளின் மேல் இந்தச் சட்டத்தால் விழும் சுமையை 200 கோடி முதல் 300 கோடி டாலர் வரை என்று மதிப்பிட்டது. லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டம் இக்கோரிக்கைகளைத் தீர்க்க 50 கோடி டாலர் வரை கடன் பத்திரம் வெளியிட 2025இல் ஒப்புதல் அளித்தது. சிறிய மாவட்டங்களுக்குக் கடன் வாங்கும் வலிமையும் இல்லை. 1970களில் நடந்ததாகச் சொல்லப்படும் குற்றத்துக்காக அந்த மூன்றாண்டு வாசலில் நுழைந்த வழக்கு இன்று விசாரணைக்கு வந்தால், குற்றம் சாட்டப்பட்டவரும் அன்றைய தலைமையாசிரியரும் இறந்திருக்கலாம். ஊழியர் கோப்பு கழிக்கப்பட்டிருக்கலாம். யாருக்கு எப்போது தெரிந்தது என்று சொல்ல ஆளில்லை. அந்தக் காலத்துக் காப்பீட்டுப் பத்திரம் அகப்பட்டால், குற்றம் நடந்த ஆண்டில் செல்லுபடியான பத்திரம் என்பதால், அந்த நிறுவனத்திடம் இன்றும் தொகை கேட்க முடியும். அதற்காகவே பழைய வாரியக் கூட்டக் குறிப்புகளையும் காசோலைக் கட்டைகளையும் தூசி தட்டித் தேடித்தரும் தொழில் ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. அதற்குப் பெயர் காப்பீட்டுத் தொல்லியல்.